மாமியாரின் பதினோரு ஒயர்கள்

போன வாரம் கதையைப் புகையில் விட்டோம். இந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் அந்த வாசனை வீட்டை விட்டுப் போகவில்லை. திரைச்சீலையில் இருந்தது, தலையணையில் இருந்தது, வாசலில் பெத்ரோனா பொரிக்கும் முட்டை ஆரேப்பா என்ற சோள அப்பத்தில்கூட இருப்பதாக இரண்டு வாடிக்கைக்காரர்கள் மூக்கைச் சுளித்துவிட்டுப் போனார்கள்.

புகைந்தது மாமியார். பெத்ரோனா இல்லை, பதற வேண்டாம். 'மாமியார்' என்ற பெயரில், அவள் முகத்தோடு, ரெபோலோ பேட்டையில் இருபத்திரண்டு வருடமாகப் பாடிக்கொண்டிருக்கும் பிக்கோ. ஆளைவிட உயரமான ஒலிப்பெட்டி. முன்பக்கம் இழுத்துக் கட்டிய துணியில், கண் கூசும் பச்சையிலும் ரோஸிலும், செருப்பை ஓங்கிக்கொண்டு பெத்ரோனா. பின்னால் வால்வுகள் கனலும் ஆம்ப்ளிஃபயர். அவள் மகன் உபால்தோ வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து தன் கையால் கட்டியது. வாரத்தில் ஆறு நாள் பஸ் ஓட்டுகிற மனிதனுக்கு ஏழாவது நாள் உயிர் அதற்குள்தான்.

அந்தப் பெட்டியை வைத்து அவன் பந்தயம் கட்டியதுதான் வினை. அடுத்த தெரு அமரந்தோவிடம் 'முதலை' என்று ஒரு பிக்கோ இருக்கிறது. இந்த ஞாயிறு நாலு மணிக்கு, மாதா கோயில் முனையில், இரண்டும் நேருக்கு நேர். மாமியார் வாய் திறக்காவிட்டால் அந்தப் படத்துணி அமரந்தோவுக்கு. "என் லாரில கால் துடைக்க நல்ல மிதியடி இல்லை, கொம்பாட்ரே" என்று, சேக்காளியைக் கூப்பிடும் சொல்லாலேயே, அவன் பத்துப் பேர் நடுவில் சொல்லிவிட்டான். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க உபால்தோ என்ன கல்லா, பந்தயத்துக்குக் கை கொடுத்துவிட்டான்.

போட்டிக்குப் போகிற பெட்டி உள்ளேயும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று போன ஞாயிறு பழைய ஒயர்களை எல்லாம் பிடுங்கினான். பெரிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பதினோரு ஒயர். பதினொன்றும் கறுப்பு.

அதை அப்படிக் கறுப்பாகப் போட்டதே அவன்தான். இந்த ஊர் வழக்கம் அது. நல்ல இசைத்தட்டு ஒன்று கையில் கிடைத்தால், எதிரிக்குப் பாட்டின் பெயர் தெரியக்கூடாது என்று முதல் வேலையாக நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டிவிடுவார்கள். உபால்தோ ஒரு படி மேலே போனான். ஒயர்களை ஒரே நிறத்தில் போட்டான், டிரான்ஸ்ஃபார்மர் பலகையில் இருந்த எண்கள்மேல் எதையோ சிவப்பாக அப்பி மூடினான், வரைபடத்தைக் கொளுத்தினான். எவனும் பார்த்து நகல் எடுக்க முடியாது. எவனும் எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் கழித்து அவனாலும் முடியவில்லை. நினைவிலிருந்து மாட்டினான், இரண்டு வால்வு போயின, வலது உள்ளங்கை வெந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பதை இதைவிட நேராக யாரும் காட்டிவிட முடியாது.

அவன் மனைவி நோயெமி, "நான் பாக்கட்டுமா?" என்று அன்றே கேட்டாள்.

முன்னறையில் நகங்களுக்கு வண்ணம் தீட்டும் கடை வைத்திருப்பவள் அவள். ஈர நகத்தைக் காயவைக்கும் விளக்கு ஒருநாள் கெட்டுப்போக, திறந்து பார்த்தாள், சரிசெய்தாள், அந்த ருசி ஒட்டிக்கொண்டது. இப்போது அவள் மேஜைக்குப் பின்னால் ஒன்பது பழைய ரேடியோக்கள், குப்பைக்குப் போக வேண்டியவை, ஒன்பதும் பாடுகின்றன.

"நகத்துக்குப் பாலிஷ் போடுற கையை இதுல வைக்காதே" என்றான் உபால்தோ.

வெந்த கையின் எரிச்சலில் சொன்னதுதான். ஆனாலும் ஒரு வாரமாக அது அவளுக்குள் எரிந்துகொண்டிருந்தது.

---

காலை ஒன்பது மணிக்குப் பெத்ரோனா கரண்டியோடு முன்னறைக்குள் வந்தாள். நோயெமி ஒரு கல்யாணப் பெண்ணின் கட்டைவிரலில் பூ வரைந்துகொண்டிருந்தாள்.

"உபால்தோ எங்க?"

"முனையில டோமினோ ஆடுறான் அத்தை. ஒத்தக் கையால."

"என் மூஞ்சில அந்த அமரந்தோ செருப்பைத் துடைக்கப் போறான். இவன் டோமினோ ஆடுறான், நீ பூ வரையிறே. நல்ல குடும்பம்."

"பெட்டியைத் தொடக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு."

"யார் போட்ட உத்தரவு?"

"உங்க பிள்ளை."

"அவனைப் பெத்தவ சொல்றேன். தொடு."

கல்யாணப் பெண் தன் கையைத் தானே இழுத்துக்கொண்டாள். "போங்கக்கா, போங்க. மிச்ச விரலுக்குப் பூ இல்லேன்னா மாப்பிள்ளை ஓடிட மாட்டான்."

கொல்லையில் ஆம்ப்ளிஃபயர் கவிழ்ந்து கிடந்தது. கரண்டு நின்ற பிறகும் இந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் மின்சாரம் பதுங்கியிருக்கும், அசந்தால் ஆளைத் தூக்கிப் போடும். நோயெமி முதலில் அதை வடித்தாள். பிறகு, இரண்டு கையும் பட்டு நெஞ்சு வழியாகக் கரண்டு பாயாதபடி, இடது கையை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டாள். வால்வுப் பெட்டியில் ஒற்றைக் கையால் வேலை செய்கிறவன்தான் பேரன் பேத்தி பார்ப்பான் என்பது அந்த வட்டாரத்துப் பேச்சு.

டிரான்ஸ்ஃபார்மர் பலகையில் பதினோரு செம்பு நாக்குகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிவப்புத் திட்டு. ஒன்றை மட்டும் உபால்தோ பிளேடால் சுரண்டிப் பார்த்திருந்தான். சிவப்போடு பலகையும் பெயர்ந்து, அடியில் இருந்த எண்ணும் போயிருந்தது. அதற்குப் பிறகு பயந்துபோய் விட்டிருக்கிறான்.

நோயெமி டார்ச்சை அருகே கொண்டுபோனாள். ஓரத்தில் மாதுளை முத்துப் போல ஒரு மினுக்கு. இதைப் பெயிண்ட் என்று நினைத்தவன் ஆண்பிள்ளை. அவளுக்கு அந்தச் சிவப்பைத் தெரியும், அது வந்த புட்டியைத் தெரியும், மூடியில் இருந்த தங்க வளையம்கூடத் தெரியும்.

கல்யாணத்துக்கென்று அவள் ஆசையாக வாங்கிய நகப்பாலிஷ். கல்யாணமான மூன்றாம் நாள் காணாமல் போனது. புது வீடு, புது மாமியார், யாரைக் கேட்பது? கேட்கவில்லை. எடுத்தது பெத்ரோனாதான் என்று தனக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டாள். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு சண்டையும், "இந்த வீட்ல ஒரு பொருளைப் பத்திரமா வைக்க முடியுதா" என்றுதான் முடியும்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் வந்தது. பெத்ரோனா ஓடிவந்தாள்.

"ஷாக் அடிச்சிருச்சா?"

"அத்தை, இருபத்திரண்டு வருஷம் முன்னாடி என் பாலிஷ் புட்டி ஒண்ணு தொலைஞ்சது."

"அதுக்கென்ன?"

"நீங்க எடுத்துட்டீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்."

பெத்ரோனா பலகையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "அப்போ அந்தப் பத்திரம், பத்திரம்னு சொன்னதெல்லாம்?"

"ஆமா."

"இருபத்திரண்டு வருஷமா நான் திருடி."

"மன்னிச்சிருங்க அத்தை."

"நாலு மணிக்கு அப்புறம் இதுக்கு ஒரு சண்டை வெச்சுக்கலாம், நல்லா உட்கார்ந்து. இப்ப வேலையைப் பாரு."

பாலிஷ் என்று தெரிந்த பிறகு அது நோயெமியின் ராஜ்ஜியம். பழைய பூச்சைச் சுரண்டினால் நகமே பெயர்ந்து வரும், ஊறவைத்தால் தானே விடும். தினமும் பத்துப் பேருக்குச் செய்கிற வேலை. பஞ்சைக் கிள்ளி ரிமூவரில் நனைத்து, மிச்சமிருந்த பத்துத் திட்டிலும் ஒற்றி, மேலே வெள்ளித்தாளை மூடினாள். பெட்டிக்குப் பத்து விரல் முளைத்து, நகக் கடையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கால் மணி நேரம் சும்மா இருந்தாள். உபால்தோவால் ஒருநாளும் செய்ய முடியாத காரியம் அது.

தாளை எடுத்துத் துடைத்தாள். சிவப்பு பஞ்சோடு வந்தது. அடியில், ஊசி முனையால் கீறிய எண்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக நின்றன. பெயர்ந்துபோன இடம் பத்து என்பதும் தானாக விளங்கியது.

நாலு மட்டும் விசித்திரமாக இருந்தது. கவிழ்த்துப் போட்ட நாற்காலி மாதிரி ஒரு நாலு. இதை எங்கேயோ தினமும் பார்க்கிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. யோசிக்க நேரம் இல்லை.

---

ஒரு மணிக்கு உபால்தோ வந்தான். துணியைக் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்த முகம். கொல்லைக் கதவில் நின்றுவிட்டான்.

"என்ன பண்றே நீ?"

"உன் திருட்டைத் துடைக்கிறேன்."

கோபமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், பலகையைப் பார்த்தான். எண்களைப் பார்த்தான். குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தான்.

"இது... எப்படி?"

"இது நகப்பாலிஷ், உபால்தோ. என்னோடது."

"பெயிண்ட்னு நெனச்சேன். புட்டி கையில கிடைச்சது, பூசினேன்."

"அந்தப் புட்டி தானா வந்து உன் கையில விழுந்துச்சா?"

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எண்ணைப் பார்க்கப் பார்க்க நினைவு திரும்பியது. "ஒண்ணும் அஞ்சும் வால்வுக்குப் போகும். மூணு நடு. ரெண்டும் நாலும் வால்வுக்குள்ள இருக்கிற கிரிடு வலைக்கு. ஏழு..." கண்ணை மூடிக்கொண்டான். "ஏழு சும்மா. எதுலயும் மாட்டாதே."

நோயெமி மீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயரையும் தேடிப் பிடித்தாள், பிடித்ததைச் சால்டரிங் அயர்னால் பற்றவைத்தாள். அவன் இடது கையால் விளக்கைப் பிடித்தான்.

"ஈயம் ஜாஸ்தி."

அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்.

"இல்ல, சரியாத்தான் இருக்கு" என்றான்.

இரண்டரைக்கு உபால்தோவின் தம்பிமார்கள் வந்து ஒலிப்பெட்டியையும் படத்துணியையும் மாதா கோயில் முனைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆக, ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கரோடு சேர்த்துப் பார்க்க வழியில்லை. பலகையில் மிச்சம் பத்தும் பதினொன்றும். வெளியே போகும் சத்தத்தில் துளியைத் திருப்பி உள்ளே கொண்டுவரும் ஒயர்கள் அவை. சரியாக இருந்தால் சத்தம் கட்டுக்குள் நின்று இனிக்கும். மாறினால் பெட்டி ஊளையிடும்.

"எது எந்தப் பக்கம்?"

"பதினொண்ணு எர்த்துக்குன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

"பாதிக்குப் பாதி, நோயெமி. சத்தியமா ஞாபகம் இல்ல."

அவன் சொன்னபடியே வைத்தாள். எரிந்துபோன இரண்டுக்குப் பதிலாகப் புது வால்வுகளைச் செருகி, பிளக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஒரு குண்டு பல்பை மாட்டிக் கரண்டைக் கொடுத்தாள். உள்ளே எங்காவது ஒயர் ஒட்டியிருந்தால் பல்பு முழுதாக எரியும். பல்பு ஒரு கணம் பிரகாசித்தது, பிறகு மங்கியது. வால்வுகளில் ஆரஞ்சு நிறம் ஏறியது.

உபால்தோ மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

---

நாலு மணி. கோயில் முனையில் நிழல் இருந்த இடமெல்லாம் தலைகள். வெயிலில் இருந்தவர்கள் குடைக்குள் ஆடினார்கள். பெத்ரோனா ஆரேப்பா அடுப்பையும், எது எத்தனை மிச்சம் என்று சாக்கட்டியால் எழுதும் கறுப்புப் பலகையையும் அங்கேயே கொண்டுவந்துவிட்டாள். என் முகம் மிதியடியானாலும் வியாபாரம் வியாபாரம் என்பது அவள் கட்சி.

முதலில் முதலை பாடியது. அடிச் சத்தம் சட்டை பட்டனை அதிர வைத்தது. முதலைக்கும் மாமியாருக்கும் அடித்தொண்டை ஒன்றே என்று பேட்டையில் சிலர் சொல்வதுண்டு. உபால்தோவின் காதில் விழுந்தால் அடிதடிதான்.

பிறகு மாமியாரின் முறை. உபால்தோ ஊசியை இறக்கினான்.

பெட்டி ஊளையிட்டது.

சாதாரண ஊளை இல்லை. தெரு நாய்கள் எழுந்து நின்றன, குழந்தைகள் காதைப் பொத்தின. நோயெமி பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். முனை முழுவதும் சிரிப்பு வெடித்தது.

"கொம்பாட்ரே," என்றான் அமரந்தோ, "மாமியார் பாடுறாங்களா, மருமகளைத் திட்டுறாங்களா?"

சிரித்துக்கொண்டே வந்து படத்துணியின் முதல் முடிச்சை அவிழ்த்துவிட்டு அடுத்ததில் கை வைத்தான். பாதிக்குப் பாதி என்று தெரிந்துதான் நோயெமி வந்தாள், ஆனாலும் கெட்ட பாதி தன் தலையில் விழும் என்று யார்தான் நினைப்பார்கள்?

"கையை எடு அமரந்தோ." பெத்ரோனா துணியின் முன்னால் நின்றாள். படத்தில் இருப்பவள் போலவே செருப்பு கையில் இருந்தது.

"பேச்சுன்னா பேச்சு, பெத்ரோனாம்மா."

"என்ன பேச்சு? மாமியார் வாய் திறக்கணும்னு பேச்சு. திறந்தாளா இல்லையா? உனக்குக் கேக்கலேன்னாலும் ஊருக்கே கேட்டுச்சு."

கூட்டம் இப்போது அவள் பக்கம் சிரித்தது. "நியாயம்தானே" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். அமரந்தோ தாடையைச் சொறிந்தான். ஊர் நடுவில் கருமியாக நிற்க அவனுக்கும் விருப்பமில்லை.

"சரி. என் பெட்டில ஒரு பாட்டு. அது முடியுற வரைக்கும் டைம்."

முதலை மறுபடி பாடத் தொடங்கியது. நோயெமி பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டாள். பதுங்கிய மின்சாரத்தை வடித்தாள். இடது கை பைக்குள் போனது. அயர்ன் சூடேறப் பாட்டில் பாதி போய்விட்டது. உபால்தோ அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே கையை விரித்து நின்றான்.

"யாரும் கிட்ட வராதீங்க. அவ வேலை செய்யுறா."

பத்தைக் கழற்றினாள். பதினொன்றைக் கழற்றினாள். இடம் மாற்றிப் பற்றவைத்தாள். பாட்டில் கித்தார் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது, அந்தத் தெருவில் எல்லாருக்கும் அது தெரிந்த பாட்டு. ஈயம் இன்னும் மினுக்கியது. அசைக்கக்கூடாது, ஊதக்கூடாது. நகம் காய்வதற்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தாள். ஈயம் மங்கி இறுகியது.

"போடு" என்றாள்.

முதலையின் பாட்டு முடிந்த இடத்தில் மாமியார் தொடங்கினாள்.

லேபிள் சுரண்டிய ஓர் ஆப்பிரிக்க இசைத்தட்டு, பெயர் தெரியாத கித்தார். முதலில் அது மட்டும், சுத்தமாக, தண்ணீர் தெளித்தாற்போல. பிறகு அடிச் சத்தம் வந்தது. காதுக்கு வரவில்லை, பாதத்துக்கு வந்தது. பெத்ரோனாவின் வாணலியில் எண்ணெய் நடுங்கியது. குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின, வெயிலாவது ஒன்றாவது, ஜனம் தெருவுக்குள் இறங்கிவிட்டது. காலையில் பாதி நகத்தோடு எழுந்துபோன கல்யாணப் பெண்ணும் அங்கே இருந்தாள், ஒரு விரலில் மட்டும் பூவோடு ஆடிக்கொண்டிருந்தாள்.

நோயெமி மண்டியிட்ட இடத்திலேயே அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது, துடைக்கவில்லை.

அமரந்தோ முழுப் பாட்டையும் கேட்டான். பிறகு தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்து, அவிழ்த்த முடிச்சைத் தானே திரும்பக் கட்டினான். முதலையின் சுவிட்சை அணைத்தான்.

உபால்தோ மைக்கை எடுத்தான். ஒவ்வொரு ஞாயிறும் அவன் அதில் சொல்வது ஒரே வரிதான், 'உபால்தோ கையால் கட்டிய மாமியார்.' இன்று கொஞ்சம் தடுமாறினான்.

"இன்னிக்கு இவளுக்கு உயிர் கொடுத்தது என் பொண்டாட்டி நோயெமி. நகத்துக்குப் பாலிஷ் போடுற கை. கேட்டுக்கோங்க, இனிமே இந்தப் பெட்டியில அந்தக் கை படாம ஒரு ஒயர் அசையாது."

கூட்டம் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது. ஒரு வாரமாக எரிந்தது அந்த நிமிடத்தில் அணைந்தது.

---

பசி அப்போதுதான் தெரிந்தது. நோயெமி அடுப்பருகே போனாள். பெத்ரோனா சூடான ஆரேப்பா ஒன்றைத் தாளில் சுற்றி நீட்டினாள்.

"சாப்பிடு. தெம்பா இரு. திருடின்னு சொன்னதுக்கு இன்னும் சண்டை பாக்கி இருக்கு."

நோயெமி சிரித்தபடி வாங்கினாள். பார்வை கறுப்புப் பலகையில் விழுந்தது. முட்டை ஆரேப்பா மிச்சம், நாலு. கவிழ்த்துப் போட்ட நாற்காலி மாதிரி ஒரு நாலு.

கையில் ஆரேப்பா சுட்டது தெரியாமல் நின்றாள்.

"அத்தை. டிரான்ஸ்ஃபார்மர்ல அந்த நம்பர்..."

பெத்ரோனா கரண்டியை எண்ணெயில் விட்டுக் கிளறினாள். "நான் கீறினதுதான். அதுக்குள்ள செம்புக் கம்பி ரெண்டாயிரத்து எழுநூறு சுத்து. என் தையல் மெஷின் சக்கரத்துல மாட்டி, வாய்விட்டு எண்ணி எண்ணிச் சுத்தினது. ஒரு சுத்து தப்பினா முதல்லேர்ந்து."

"நீங்களா? உபால்தோ ஒருநாள்கூட சொல்லலையே."

"நான்தான் சொல்லக்கூடாதுன்னேன். அந்த நம்பரை மூடுன்னு சொன்னதும் நான்தான். உன் புட்டியை எடுப்பான்னு தெரியாது."

"ஏன் அத்தை மூடணும்? பெருமைப்பட வேண்டிய வேலை."

தெருவுக்கு எதிர்ப்பக்கம், முதலைப் பெட்டிக்குப் பின்னால், அமரந்தோ குனிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் கறுப்பு ஒயர்கள். பெத்ரோனா அவனையே பார்த்தாள்.

"என் நாலு இன்னொரு பெட்டியிலயும் இருக்கே. ஒண்ணு இல்லடி," என்றாள் மெதுவாக. "ரெண்டு சுத்தினேன்."